வேலூர் பக்கம் பழைய ஸ்டேஷன் வேகன் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்டேஷன் வேகன் என்று இங்கே எதெல்லாம் கிடைக்கும்?

செடானின் கூரையைப் பின்கோடி வரை நீட்டி, டிக்கியையும் உள்ளறையோடு சேர்த்த கார்தான் ஸ்டேஷன் வேகன். நம் ஊரில் இந்த வகை வண்டி எப்போதுமே குறைவாகத்தான் விற்றது. அதனால் பட்டியல் சின்னது. டாடா எஸ்டேட் 1992-இல் வந்தது: 1948 சிசி டீசல், பின்சக்கர இழுவை. மாருதி பலேனோ ஆல்ட்யூரா 1590 சிசி பெட்ரோல். டாடா இண்டிகோ மரீனா 2004-இல் வந்தது. 1405 சிசி, பெட்ரோலிலும் டீசலிலும் உண்டு. இவை போக ஓப்பல் கோர்சா ஸ்விங், ஃபியட் சியனா வீக்எண்ட், ஸ்கோடா ஆக்டேவியா காம்பி. இன்னோவா, எர்டிகா எல்லாம் வேறு சாதி. அவை எம்.பி.வி. என்னும் பல பேர் ஏறும் வண்டிகள்; அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை.

இவற்றில் எதை வாங்கலாம்?

ஒரே அளவுகோல் போதும். வேகனின் முன்பாதி ஏதோ ஒரு சாதாரண காரின் முன்பாதிதான். பின்பாதி அந்த வேகனுக்கு மட்டுமே உரியது. எந்த வண்டியின் முன்பாதிக்கு ஊரில் பாகம் கிடைக்கிறதோ, எந்த வண்டியின் பின்பாதி இப்போது முழுசாக இருக்கிறதோ, அதை வாங்குங்கள்.

இப்படிப் பார்த்தால் மரீனாதான் முதலில் வரும். எஞ்சின், கியர்பாக்ஸ், முன் சஸ்பென்ஷன் பெரும்பாலும் இண்டிகா, இண்டிகோ வழிதான். அவை பல வருஷம் டாக்சியாக ஓடிய வண்டிகள் என்பதால் காட்பாடியிலிருந்து வாணியம்பாடி வரை அவற்றைப் பிரித்து மாட்டத் தெரியாத மெக்கானிக் இல்லை. டாடா எஸ்டேட்டின் எஞ்சின் பழைய சுமோ, 207 பிக்கப் வகையறாவோடு உறவு. எஞ்சின் வேலைக்குக் கவலையில்லை, பாடிதான் தலைவலி. ஆல்ட்யூராவின் பெட்ரோல் எஞ்சின் நல்ல எஞ்சின், ஓட்டவும் சுகம். ஆனால் பலேனோ செடானே இப்போது அபூர்வம். புதிய பலேனோவின் பாகம் எதுவும் இதற்குச் சேராது. கடையில் வெறுமனே ‘பலேனோ’ என்று கேட்டால் புதியதற்கான பாகத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், வருஷத்தையும் 1.6 என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கோர்சா ஸ்விங்கை ஆசைக்கு வாங்கலாம், அன்றாட ஓட்டத்துக்கு வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவில் இந்தியாவில் விற்பனையையே நிறுத்திவிட்டது. ஆக்டேவியா காம்பி வாங்கும்போது மலிவு. டர்போ, இன்ஜெக்டர் ஏதாவது ஒன்று போனால் வண்டி விலையில் பெரும்பகுதியைக் கேட்கும்.

15 வருஷம் தாண்டிய வண்டியைத் தமிழ்நாட்டில் ஓட்டலாமா?

ஓட்டலாம். டீசல் 10 வருஷம், பெட்ரோல் 15 வருஷம் என்ற கட்டுப்பாடு டெல்லி வட்டாரத்துக்கானது. இங்கே சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருஷம் செல்லும். அதன்பின் வண்டியை ஆய்வுக்குக் காட்டி 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பேச்சு வழக்கில் இதையும் எஃப்.சி. என்றே சொல்கிறார்கள். விண்ணப்பம் படிவம் 25.

கட்டணத்தைக் கணக்கில் எடுங்கள். 2022 ஏப்ரலிலிருந்து காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். கெடு தாண்டினால் மாதத்துக்கு 500 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். பசுமை வரி தனி. மேலே சொன்ன வேகன்கள் ஏறக்குறைய எல்லாமே 15-ஐக் கடந்தவை. ஆகவே ‘எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு’ என்று கேட்பதற்கு முன் ‘எஃப்.சி. எந்த வருஷம் வரை இருக்கு’ என்று கேளுங்கள். நாலு வருஷம் மிச்சமுள்ள வண்டியும் அடுத்த மாதம் முடியும் வண்டியும் ஒரே விலை ஆகாது. முடிந்துபோன வண்டி என்றால், புதுப்பித்துக் கொடுத்தால்தான் மீதிப் பணம் என்று பேசிவிடுங்கள்.

டெல்லி வண்டி, ஆந்திர வண்டி மலிவாக வருகிறதே?

சித்தூர் பக்கத்தில்தான் இருக்கிறது, வண்டியை நேரில் பார்ப்பது சுலபம். ஆனால் மாநிலம் மாறினால் அங்கிருந்து தடையில்லாச் சான்று (படிவம் 28) வாங்க வேண்டும், இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், தமிழ்நாட்டு வாழ்நாள் வரியும் கட்ட வேண்டும். வெளிமாநில எண்ணோடு இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. வரியையும் அலைச்சலையும் சேர்த்தால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். டெல்லி வண்டியில் கூடுதலாக ஒன்று: பதிவுக் காலம் முடிந்த வண்டிக்கும் தடையில்லாச் சான்று வேண்டும். அந்தச் சான்று கையில் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஆர்.சி. புத்தகத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் சேஸிஸ் எண், எஞ்சின் எண். வண்டியில் அடித்திருப்பதை விரல் வைத்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். சேஸிஸ் எண்ணைச் சுற்றி வெல்டிங் தடமோ புதுப் பெயிண்டோ இருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். எஞ்சின் மாற்றிய மரீனாக்கள் உண்டு. இண்டிகா எஞ்சினை இறக்கியிருப்பார்கள். மாற்றியது தப்பில்லை, புத்தகத்தில் ஏற்றாததுதான் தப்பு. புதுப்பிக்கும்போது ஆய்வாளர் எண்ணைப் பார்ப்பார், மாட்டிக்கொள்வது நீங்கள்.

அடுத்தது அடமானக் குறிப்பு. கடன் அடைத்து பத்து வருஷம் ஆனாலும் பைனான்ஸ் பெயர் புத்தகத்தில் அப்படியே இருக்கும். நிறுவனத்தின் தடையில்லாக் கடிதமும் படிவம் 35-உம் விற்பவர் வாங்கித் தர வேண்டும். சில பைனான்ஸ் கம்பெனிகள் மூடியே போயிருக்கும். அப்போது இது மாதக்கணக்கில் இழுக்கும், விற்பவர் தலையிலேயே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, வண்டி டாக்சியாக இருந்து சொந்த உபயோகத்துக்கு மாறியதா என்பது. இண்டிகோ குடும்பத்தில் இது சகஜம். நான்காவது, எல்.பி.ஜி. கிட் மாட்டியிருந்தால் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

டி.என். 23 வேலூர், 73 ராணிப்பேட்டை. 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், ஆம்பூர்க்காரர் வண்டியில் 23 இருந்தாலும் அவருடைய மாவட்டம் இப்போது திருப்பத்தூர். எஸ்டேட் போன்ற 90-களின் வண்டியில் ‘வட ஆற்காடு அம்பேத்கர்’ என்று முகவரி இருந்தால் திகைக்க வேண்டாம், அன்றைக்கு மாவட்டத்தின் பெயர் அதுதான். ஆனால் போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். கையால் எழுதிய பழைய புத்தகத்து விவரம் கணினியில் ஏறாமல் இருந்தால் பெயர் மாற்றம் நகராது. நிலுவை அபராதமும் அங்கேயே தெரியும்.

பெயர் மாற்றத்துக்கு என்ன படிவம்?

29-உம் 30-உம். உரிமையாளர் இறந்திருந்தால் முதலில் வாரிசு பெயருக்கு, படிவம் 31. வாங்குபவருக்கு 30 நாள் அவகாசம். ‘அப்புறம் மாத்திக்கலாம் தம்பி, கையெழுத்து போட்ட 29, 30 இருக்கு’ என்று புரோக்கர் வெற்றுப் படிவத்தை நீட்டுவார். விற்பவர் இடம் மாறிப்போனால் அது வெறும் காகிதம்.

வண்டியை எப்போது போய்ப் பார்ப்பது?

காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது. ‘நான் வந்தபின் ஸ்டார்ட் பண்ணுங்க’ என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், ஏதோ மறைக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய மரீனா டீசலில் ஹீட்டர் பிளக் உண்டு. சாவியைப் போட்டு விளக்கு அணைந்தபின் செல்ஃப் அடித்தால் இரண்டு மூன்று சுற்றில் பிடிக்க வேண்டும். வேலூர் காலைக்கே திணறினால் ஹீட்டர் பிளக் போயிருக்கலாம், அது சின்ன செலவு. கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம், அது பெரிய செலவு. பிரித்தறிய ஒரு வழி: எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் துளையின் மூடியைத் திறந்து, அதே துளையின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் சரி. புகை குபுகுபுவென்று வந்து மூடியைத் தள்ளினால் ரிங், போர் தேய்ந்திருக்கிறது. சந்தேகம் தீர வேண்டுமானால் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது.

புகையின் நிறம்: ஆக்சிலரேட்டர் மிதித்தால் கறுப்பு என்றால் இன்ஜெக்டர், பம்ப், ஏர் ஃபில்டர். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல், கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்.

பேட்டரியில் மீட்டர் வையுங்கள். நிறுத்தியிருக்கும்போது 12.6 வோல்ட் அளவில், ஓடும்போது 13.8-இலிருந்து 14.4-க்குள். அதற்குக் கீழே என்றால் டைனமோ வேலை இருக்கிறது.

ஓட்டிப் பார்க்க நெடுஞ்சாலை மட்டும் போதாது, வழவழப்பான சாலையில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் வேகத்தடைகளை மெல்ல ஏறி இறங்குங்கள். முன்னால் ‘டக் டக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏற்றுங்கள். எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்தது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வட்டமடித்தால் ‘கடக் கடக்’ சத்தம் ஆக்சில் ஜாயின்ட்டில் இருந்து வரும். பின் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் பின் சஸ்பென்ஷன் புஷ்ஷைப் பாருங்கள். மரீனாவுக்குப் பின்னாலும் தனித்தனி சஸ்பென்ஷன், அலைன்மென்ட் கெட்டால் டயரைத் தின்றுவிடும்.

பின்பக்கத்தில் எதைப் பார்ப்பது? அங்கே என்ன இருக்கிறது, வெறும் டிக்கிதானே?

வேகன் வாங்குவதில் பணம் போகும் இடமே அதுதான். முன் விளக்கு, பம்பர், கதவு எல்லாம் செடான் வண்டியிலிருந்து வரும். டிக்கி டோர், அதன் கண்ணாடி, பின் விளக்கு, பின் ஓரக் கண்ணாடி, கூரைக் கம்பி, உள்ளே சாமான் மறைக்கும் திரை — இவை வேகனிலிருந்து மட்டுமே வரும், அந்த வேகன் சாலையிலேயே அரிது. எஞ்சினில் ஐம்பதாயிரம் வேலை இருக்கிற, ஆனால் பின்பக்கம் சேதமில்லாத வண்டியை எடுக்கலாம். எஞ்சின் பளிச்சென்று இருந்து டிக்கி டோர் நசுங்கிய வண்டியை எடுக்காதீர்கள்.

டிக்கி டோரைத் திறந்து கையை விடுங்கள். கீழே இறங்கினால் டோரைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட் போய்விட்டது. இது பெரிய விஷயமில்லை: திறந்த நீளம், மூடிய நீளம், உடம்பில் அச்சிட்ட நியூட்டன் எண், முனை பந்துக் குழியா வளையமா — இந்த நான்கும் ஒத்தால் வேறு வண்டியின் ஸ்ட்ரட்டே போதும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் டோர் முறுக்கிக்கொண்டு கீல் தேயும்.

கூரைக்கும் டிக்கி டோருக்கும் நடுவே ரப்பர் குழல் ஒன்றுக்குள் வயர்கள் போகும். திறந்து மூடித் திறந்து மூடி உள்ளே வயர் ஒவ்வொன்றாக அறுந்துவிடும். பின் வைப்பர், கண்ணாடி ஹீட்டர், நம்பர் பிளேட் விளக்கு, டிக்கி லாக் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வேலை செய்யாவிட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். சிலர் மோட்டாரை மாற்றச் சொல்வார்கள். முதலில் ரப்பரை உரித்துப் பாருங்கள். அறுந்த இடத்தில் முறுக்கி டேப் சுற்றினால் மூன்று மாதம் தாங்காது. மெல்லிய இழைகள் நிறைந்த வளையும் வயரை 20 செ.மீ. அளவுக்கு இடையில் கொடுத்து, இணைப்பு இரண்டும் வளையாத பகுதியில் விழும்படி ஈயம் வைக்க வேண்டும்.

டோர் ஓரத்து ரப்பர் பீடிங்கைச் சோதிக்க ஒரு தாள் துண்டை இடையில் வைத்து டோரை மூடி இழுங்கள். சுலபமாக உருவி வந்தால் அங்கே அடைப்பு இல்லை. இது மழைத் தண்ணீர் பிரச்சினை மட்டுமில்லை. வேகன் ஓடும்போது வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும். சைலன்சர் புகை சுருண்டு வந்து ஓட்டை வழியே உள்ளே ஏறும். பின்சீட்டில் குழந்தைகளுக்குத் தலைவலி, குமட்டல் என்றால் ஏ.சி.யைக் குறை சொல்லுமுன் இதைப் பாருங்கள்.

கடைசியாக ஸ்டெப்னி இருக்கும் இடத்தின் அடியையும் டிக்கி டோரின் கீழ் ஓரத்தையும் தட்டிப் பாருங்கள், துரு அங்கேதான் தொடங்கும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கர நடுவிலிருந்து மேல் வளைவு வரை இருபுறமும் அளந்து பாருங்கள். 15 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது. வேகன்களில் மூட்டை ஏற்றாதவர் யார்?

வெள்ளத்தில் நின்ற வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய வண்டிகள் பல ஊர்களுக்குப் போயின. பாலாற்றிலும் 2021 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட் தண்டவாளத்தின் போல்ட், டேஷ்போர்டுக்குள் இருக்கும் இரும்புத் தாங்கி துருப்பிடித்திருந்தால் வேண்டாம்.

மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நம்பலாமா?

வேண்டாம். பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தோல், ஓட்டுநர் சீட்டின் விளிம்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

வேலூர் வெயிலுக்கு ரேடியேட்டர் தாங்குமா?

சுத்தமாக இருந்தால் தாங்கும். இந்த வட்டாரத்தில் போர் தண்ணீர் உப்பு. அவசரத்துக்கு அதை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாய்களுக்குள் சுண்ணாம்புப் படிவு கட்டிவிடும். குளிர்காலத்தில் தெரியாது, கத்திரியில், ஏ.சி. போட்டு கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றால் சூடு காட்டும் முள் ஏறும். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு என்றால் உப்புத் தண்ணீர், காபி நிறச் சேறு என்றால் துரு, பாலாடை மாதிரி கொழகொழப்பு என்றால் ஆயில் கலந்திருக்கிறது, வண்டியை விடுங்கள்.

வாங்கியபின் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட்டை எடுத்தெறியச் சொல்லும் மெக்கானிக்கை மாற்றுங்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடும், டீசல் கூடச் செலவாகும், ரேடியேட்டர் அடைப்பும் ஒளிந்துகொள்ளும். ஃபேன் தானாகச் சுற்றுகிறதா, நேரடி வயர் கொடுத்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

டைமிங் பெல்ட் மாற்றியாச்சு என்கிறார்கள். நம்பலாமா?

பில் இருந்தால் நம்பலாம், இல்லாவிட்டால் மாற்றாததாகவே கொள்ளுங்கள். மரீனாவின் பழைய டீசல் எஞ்சினிலும் ஆல்ட்யூராவிலும் ரப்பர் பெல்ட்தான். டீசலில் அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி வளையும், ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர் பேரிங், முன்பக்க ஆயில் சீல் எல்லாம் ஒரே தடவையில் மாற்றுங்கள். பழைய பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் அறும். வாட்டர் பம்ப்பில் கசிவுத் தடம் இருந்தால் அதையும் அப்போதே. மாற்றிய தேதி, கிலோமீட்டர் இரண்டையும் எழுதி எஞ்சின் உறையில் ஒட்டிவையுங்கள்.

இன்சூரன்ஸ் எவ்வளவு வரும்?

2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, மூன்றாம் நபர் காப்பீடு 1000-க்கு மேல் 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897, வரி தனி. மரீனா முதல் வரிசையில் வரும், ஆல்ட்யூராவும் எஸ்டேட்டும் இரண்டாவதில். வருஷா வருஷம் இந்த வித்தியாசம் போய்க்கொண்டே இருக்கும். விற்பவர் பெயரிலுள்ள பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டுவிடுங்கள்.

நல்ல மெக்கானிக்கை எங்கே தேடுவது?

‘வேகன் மெக்கானிக்’ என்று தேடினால் கிடைக்க மாட்டார். மரீனாவுக்கு இண்டிகா டாக்சி பார்த்தவர், எஸ்டேட்டுக்குப் பழைய சுமோ பார்த்தவர். டாக்சி ஸ்டாண்டில் பத்து வருஷமாகப் பழைய வண்டி வைத்திருக்கும் ஓட்டுநரைக் கேளுங்கள், யார் கைராசிக்காரர் என்று அவருக்குத்தான் தெரியும்.

எல்லா வேலையையும் ஒரே ஒர்க்ஷாப்பில் கொடுக்காதீர்கள். பம்ப், இன்ஜெக்டர் வேலை, சோதனை மேசை உள்ள டீசல் பம்ப் கடையில்தான் நடக்க வேண்டும். பம்ப்பை வண்டியிலேயே திருகித் திருகி ‘செட்’ பண்ணுபவரிடம் வேண்டாம். செல்ஃப், டைனமோ ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம். ஹெட் ஃபேசிங் (ஹெட்டை மட்டமாகச் சீவுவது), வால்வு சீட் லேத்தில். ராணிப்பேட்டை சிப்காட் இருப்பதால் லேத் வேலைக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. மெக்கானிக்கிடம் கழற்றிய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லி முன்னாலேயே பேசிவிடுங்கள். மாற்றியதற்கு அது சாட்சி, அடுத்த தடவை பாகம் தேட அதுவே மாதிரி.

பாகங்கள் எங்கே கிடைக்கும்?

ஓட்டத்தில் தேயும் பாகங்களுக்கு — ஃபில்டர், பிரேக் ஷூ, கிளட்ச், டை ராட் எண்ட் — ஊரிலுள்ள கடையே போதும். கம்பெனி டப்பாதான் வேண்டும் என்பதில்லை. அந்தக் கம்பெனிகளுக்கே செய்து கொடுப்பவர்கள் தங்கள் பெயரிலும் விற்கிறார்கள். ஸ்டீயரிங் சாமானுக்கு ராணே, பிரேக்குக்கு பிரேக்ஸ் இந்தியா, செல்ஃப் டைனமோவுக்கு லூகாஸ் டிவிஎஸ், டீசலுக்கு பாஷ். பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலை நம் சோளிங்கரிலேயே இருக்கிறது.

கடையில் கிடைக்காத புதுப் பாகத்துக்குச் சென்னை ஜி.பி. ரோடு, இல்லையென்றால் பெங்களூரு ஜே.சி. ரோடு. பழைய பாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டை. பின் விளக்கு, டிக்கி கண்ணாடி மாதிரி வேகனுக்கே உரியவற்றைப் புதுப்பேட்டையில்தான் தேட முடியும், அதுவும் ஒரே நாளில் கிடைக்கும் என்று போகாதீர்கள். பழையதைக் கையில் எடுத்துப் போங்கள், அல்லது பாகத்தில் அச்சான எண்ணைத் தெளிவாகப் படமெடுத்துப் போங்கள். இரண்டு மூன்று கடையில் எண்ணைக் கொடுத்து, வந்தால் கூப்பிடச் சொல்லிவிட்டு வாருங்கள். பிரேக் சாமான், டை ராட், ஸ்டீயரிங் பாகம் மட்டும் பழையது வாங்கவே கூடாது.

சாலையோரம் செத்துக் கிடக்கும் இன்னொரு மரீனா மலிவாக வந்தால் பாகத்துக்காக எடுக்கலாமா என்று கேட்பார்கள். இடம் இருந்தால் எடுக்கலாம். ஆனால் அதன் பதிவை முறைப்படி ரத்து செய்தபின் பிரியுங்கள்.

இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகுமா?

ஓடும். ஆனால் ஆல்ட்யூரா காலத்து ரப்பர் குழாய்கள் 20 சதவீத எத்தனாலை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. குழாய் இளகி உப்பும், அல்லது வெடிப்பு விடும். டேங்கிலிருந்து எஞ்சின் வரை உள்ள ரப்பர் குழாய் முழுவதையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் பாயும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் எரிபொருள் அழுத்தத்தில் ஓடுவதால், அந்த அழுத்தம் தாங்கும் குழாயாகக் கேட்டு வாங்க வேண்டும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தாதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

வாங்கிய கையோடு ஏலகிரிக்கு ஏற்றலாமா?

முதலில் பிரேக் ஆயிலை முழுக்க மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் இறக்கத்துச் சூட்டில் கொதித்து, பெடல் கீழே போய்விடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது முறை. டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டும் டயர் தயாரான வாரத்தின் எண், அடுத்த இரண்டும் வருஷம். ஆறு வருஷம் தாண்டியதை, பட்டன் எவ்வளவு இருந்தாலும், மாற்றிவிடுங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறும்போது முள்ளைப் பாருங்கள், பாதிக்கு மேல் நகர்ந்தால் ஏ.சி.யை அணைத்து ஓரங்கட்டுங்கள், எஞ்சினை உடனே நிறுத்தாமல் சும்மா ஓட விடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரை விட்டு மாற்ற வேண்டாம்.